சாம்பல் கற்பித்த பாடம்

என் தந்தையார் கோவையில் சிறியதொரு வார்ப்படப் பட்டறை நடத்தி வருகிறார். அங்கே அலுமினியப் புல்லிகள் வார்க்கப்படுகின்றன. அலுமினியம் எடை குறைந்தது. ஒரு கன சென்டிமீட்டர் 2.7 கிராம்தான். ஆனால் பெல்ட் உராயும் பள்ளம் விரைவில் தேய்ந்துவிடும். சென்ற ஆண்டு அவ்வாறு தேய்ந்த புல்லிகள் ஒரு மூட்டை திரும்பி வந்தன. அன்றிரவு அப்பா உணவருந்தவில்லை.

பீங்கான் போன்ற கடினப் பொருளை அலுமினியத்துடன் சேர்த்தால் தேய்மானம் குறையும் என்று நூலகத்தில் படித்தேன். 1983-இல் டொயோட்டா நிறுவனம் டீசல் எஞ்சின் பிஸ்டன்களைப் பீங்கான் இழைகளால் வலுப்படுத்தியது. அதற்கு உலோகத்தை மிகுந்த அழுத்தத்தில் இழைகளுக்குள் செலுத்த வேண்டும். அத்தகைய எந்திரம் எங்களுக்கு எட்டாக்கனி.

எளிய வழியும் உண்டு. அதுவே கலக்கி வார்க்கும் முறை. நம் நாட்டு அறிஞர்கள் சூரப்பாவும் ரோஹத்கியும் 1981-லேயே இதுபற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுள்ளனர். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய உலோகத்தைக் கலக்கிச் சுழி உண்டாக்கி, அதில் துகள்களைத் தூவ வேண்டும். சிலிக்கன் கார்பைடு விலை கூடியது. அனல்மின் நிலையச் சாம்பலோ மலிவு. அதில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவுமே.

நான் சொன்னதைக் கேட்டு அப்பா முயன்றார். சாம்பல் கலவாமல் மேலே மிதந்து கட்டி தட்டியது. ஒரு நாள் உழைப்பு வீண்! நான் தலைகுனிந்து நின்றேன். அம்மா, "ஏனுங்க, ரவையை வறுக்காம மொத்தமாக் கொட்டினா உப்புமா கட்டி தட்டாம என்ன பண்ணும்?" என்றார்.

அறிவியலும் அதையே கூறுகிறது. சாம்பலை முன்னதாகவே சூடாக்கினால் ஈரமும் ஒட்டியிருக்கும் வாயுவும் நீங்கும். ஈரத்தோடு போட்டால் நீராவி எழுந்து உலோகம் தெறிக்கும் ஆபத்தும் உண்டு. நூற்றுக்கு ஒரு பங்கு மக்னீசியம் சேர்த்தால் உலோகம் துகள்களை நன்கு பற்றிக்கொள்ளும். மறுமுறை இவற்றையெல்லாம் செய்து, சாம்பலைச் சிறிது சிறிதாகத் தூவினோம். கலந்தது! அறுத்துப் பார்த்தால் உள்ளே சில துளைகள். "வேகமாகக் கலக்கினால் காற்றும் உள்ளே போய்விடுகிறதம்மா" என்றார் அப்பா. வேகத்தைக் குறைத்து இன்னும் முயன்று வருகிறார்.

இவ்வாண்டு திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பெற்றபோது அந்த உலை என் நினைவுக்கு வந்தது. பெரிய எந்திரம் வாங்கப் பணமில்லாதவர் அதற்கு ஈடாகப் பொறுமையையும் கவனத்தையும் தர வேண்டியிருக்கிறது. அவற்றை இறைவன் ஏழை எளியவர்க்கும் குறைவின்றி அளித்திருக்கிறார் அல்லவா, தோழியரே!