எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த விருந்தாளிகள்

நான் மூன்றாம் வகுப்பு படித்தது 1963-64-ல். காவிரிப் பாசனத்து ஊர். பஞ்சாயத்து யூனியன் ஆரம்பப் பாடசாலை என்று பலகையில் எழுதியிருக்கும். ஐந்து வகுப்புக்கும் ஒரே நீளக் கூடம், இரண்டு வாத்தியார்கள். பெரிய வாத்தியார் பேசினால் ஐந்து வகுப்பும் கேட்கும். சின்ன வாத்தியார் பேசினால் பிரம்புதான் கேட்கும்.

காலையில் போனதும் சிலேட்டைக் கோவை இலை போட்டுத் தேய்ப்போம். வெள்ளிக்கிழமை கரும்பலகையின் முறை. ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூச வேண்டும். பூசிய கை இரண்டு நாளைக்குக் கறுப்பாகவே இருக்கும், அதில் எங்களுக்கு ஒரு பெருமை. சாயங்காலம் வாய்ப்பாடு ஒப்பித்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள்.

நடுவில் மத்தியான சாப்பாடு. காமராஜர் 1956-ல் கொண்டு வந்தது. ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியில் ஆக்கிய சோறும் சாம்பாரும் இருக்கும். சில நாள் அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் மாவில் உப்புமா. அந்த உப்புமாவின் வாசனையை என்னைப் போல எத்தனையோ பேர் இன்னும் மறக்கவில்லை. அது நல்ல வாசனை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில் வெளியாள் யாராவது உள்ளே நுழைந்தால் எங்களுக்குத் திருவிழாதான். ஒருதடவை மோடி வித்தைக்காரர் ஒருவர் வந்தார். தலைக்கு ஐந்து பைசா வசூல். காசு இல்லாதவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். வாயிலிருந்து காகித நாடாவை இழுத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

அம்மை குத்துகிறவர் வந்தால் மட்டும் திருவிழா இல்லை, ஓட்டம். அவர் சைக்கிள் ஆலமரத்தடியில் தெரிந்ததுமே பெரிய பையன்கள் பின்பக்கச் சுவர் ஏறிவிடுவார்கள். சின்ன வாத்தியார் கதவை மறித்து நிற்பார். பல் வைத்த சின்னச் சக்கரம் போல ஒரு கருவி. அதைக் கையில் வைத்து ஒரு திருகு. புண் பழுத்து, பொருக்கு விழுந்து, வட்டமாகத் தழும்பு நிற்கும். என் கையில் இப்போதும் இரண்டு இருக்கின்றன. 1977-ல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தபோது அந்தத் தழும்புகளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். எங்களைத் துரத்தித் துரத்திக் குத்திய அந்த மனிதரை அன்றைக்கு யாராவது நினைத்திருப்பார்களா தெரியவில்லை.

விருந்தாளிகளில் பெரியவர் டெபுடி இன்ஸ்பெக்டர். இவர் வருகிறார் என்றால் முதல் நாளே தரையைச் சாணம் போட்டு மெழுகி, மாவிலைத் தோரணம் கட்டி, நன்றாகப் படிக்கிறவர்களை முன் வரிசைக்கு மாற்றி உட்கார வைப்பார்கள். கேள்வியும் பதிலும் ஒரு வாரமாக ஒத்திகை நடந்திருக்கும்.

என் வகுப்பில் ஒரு பெண் படித்தாள். பெயர் வேண்டாம், எங்கேயாவது பேரன் பேத்தி எடுத்து நன்றாக இருக்கட்டும். அவளுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கு வருவாள். அவன் சுவரோரம் உட்கார்ந்து பல்பத்தைத் தின்பான், தூங்குவான், சில சமயம் தரையை நனைப்பான். பெரிய வாத்தியார் கண்டுகொள்ள மாட்டார். பெண்ணைத் தனியாக வரச் சொன்னால் பெண்ணே வராது என்று அவருக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் சின்ன வாத்தியார் அவளைக் கூப்பிட்டு, "நாளைக்கு அவனைத் தூக்கிட்டு வராதே" என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவள் வந்தாள், தம்பியோடுதான். ஆனால் உள்ளே வரவில்லை. வெளியே பூவரச மரத்தடியில் நின்றாள். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பெரிய வாத்தியார் அவளைப் பார்த்தார். "ஏம்மா அங்க நிக்கிறே? உள்ள வா" என்று எல்லாருக்கும் கேட்கக் கூப்பிட்டார். சின்ன வாத்தியார் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

இன்ஸ்பெக்டர், "இது யார்?" என்று பையனைக் காட்டிக் கேட்டார்.

"இவ நம்ம பிள்ளைங்க. அவன் இன்னும் ரிஜிஸ்டர்ல ஏறலை" என்றார் பெரிய வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. எங்களைப் பார்த்து, "ஒன்றேகால் கலம் நெல்லுக்கு எத்தனை மரக்கால்?" என்று கேட்டார். அப்போது மெட்ரிக் அளவை வந்துவிட்டது. நாங்கள் ஒரு வாரமாகக் கிலோவும் லிட்டரும்தான் நெட்டுருப் போட்டிருந்தோம். முன் வரிசை முழித்தது. நானும் அந்த வரிசையில்தான் இருந்தேன்.

"பதினஞ்சு" என்றாள் அவள், நின்றபடியே, தம்பியை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு. களத்தில் கூலி நெல் அளக்கும்போது பக்கத்தில் நிற்கிற பெண். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் கால் பங்கைக் கூட்டியதுதான் பள்ளிக்கூடம் தந்தது. இன்ஸ்பெக்டர் "உட்காரும்மா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது பதிவேட்டில் நெடுநேரம் எழுதினார்.

அடுத்த வருஷம் அவள் வீட்டில் ஒரு தங்கை பிறந்தது. இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வர அவளால் முடியுமா? நின்றுவிட்டாள். பெரிய வாத்தியார் மூன்று தடவை அவர்கள் தெருவுக்குப் போய் வந்தார். அவள் பெயரை அடிக்காமல் வைத்திருந்தார். தினமும் காலையில் வரிசையில் அந்தப் பெயரையும் கூப்பிடுவார், கொஞ்சம் நிறுத்துவார், பிறகு அடுத்த பெயருக்குப் போவார். அரைப் பரீட்சை வரை அப்படி நடந்தது.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு ஜூன் மாதக் காலையில் அவள் வந்தாள். தம்பி கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான், தங்கை இடுப்பில். பையனைச் சேர்க்க வந்திருந்தாள். பிறந்த தேதி யாருக்கும் தெரியாத காலம் அது. பெரிய வாத்தியார் வழக்கம்போல அவன் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டான். பேரை எழுதிக்கொண்டு, "நீயும் உள்ள வந்து உட்காரேம்மா" என்றார். அவள் தங்கையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "நடவு இருக்குங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.