ஓசூரில் பிறந்த இரு வண்டிகள்

1980ஆம் ஆண்டில் ஓசூர்த் தொழிற்சாலையினின்றும் வெளிப்போந்த டி.வி.எஸ். 50, இருவர் ஏறிச் செல்லுமாறு நம் நாட்டில் முதன்முதல் அமைந்த மொபெட் ஆகும். இருவர் என்பது செய்தவர் கணக்கு. எம் இல்லத்தில் நால்வர் ஏறினோம். மாம்பருவத்தில் அதன்மேல் கூடைகள். ஞாயிறு காலையில் ஆலயத்திற்குக் குடும்பம் முழுவதும். பெட்ரோலோடு எண்ணெய் கலந்து குடிக்கும் வண்டியாதலின் புகை மிகுதி. அதனை யான் மறைக்கப்போவதில்லை.

2017இல் அவ்வூரிலேயே தோன்றிய அப்பாச்சி ஆர்.ஆர். 310, ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தாரோடு கூடி ஆக்கிய எஞ்சினை உடையது. கொள்ளளவு 312 சி.சி.; பழையதற்கு ஆறு மடங்கினும் மிகுதி! எந்தமையனார் அதனைத் தவணைக்கு வாங்கியுள்ளார். கிருஷ்ணகிரிப் பெருஞ்சாலையில் அது முன்சாய்ந்து விரையுங்கால் கண்ணெடுக்க மனம் வாராது. பந்தய வண்டிக்குரிய இயல்பின்படி பின்னிருக்கை உயர்ந்தும் குறுகியும் இருத்தலின் அன்னையார் ஏற மறுக்கின்றார். கூடையைப் பற்றிக் கேட்பானேன்!

நிற்க. பழைய வண்டியை விற்று இரண்டு தவணை கட்டலாம் என்பது தமையனார் கருத்து. அன்னையார் வேண்டாமென்கிறார். தந்தையார் இன்னும் வாய்திறந்திலர். நேற்றும் விடியுமுன் அதிலேறியே மண்டிக்குச் சென்றார்.