காணி உறுதியும் கிணற்றுப் பங்கும்

வெளிநாட்டில் வாழும் எங்களில் பலர் ஊருக்கு உதவி செய்யும் முறை ஏறக்குறைய ஒரே மாதிரியாகவே இருக்கிறது. கார்த்திகை மழை தொடங்கியதும் ஊரிலிருந்து தொலைபேசி வரும். தறப்பாள் கிழிந்துவிட்டது, பிள்ளைகளின் கொப்பிகள் நனைந்துவிட்டன என்பார்கள். நாங்களும் இயன்றதை அனுப்புவோம். அடுத்த கார்த்திகையிலும் அதே அழைப்பு வரும்.

"அக்கா, இனிக் காசு அனுப்பாதேங்கோ. காசு வந்தால் கூரை மேயலாம். காணிக்காரர் எழும்பச் சொன்னால் கூரையையும் கழட்டிக்கொண்டு எழும்பத்தானே வேணும்" என்று 2012ஆம் ஆண்டு ஒரு பெண் என்னிடம் கூறினார். அந்தப் பேச்சில் தொடங்கிய வேலை முடிய மூன்று வருடங்கள் சென்றன. வீடு கட்டியது அதில் சிறிய பகுதிதான். ஒரு துண்டுக் காணிக்கு ஒரு பெண்ணின் பெயரில் உறுதி எழுதுவதற்கே பெரும்பகுதிக் காலம் சென்றது. சொந்தக் காணி இல்லாமல் பிறர் வளவில் கொட்டில் போட்டிருக்கும் சகோதரிகள் இன்னமும் இருக்கிறார்கள். உதவி செய்ய விரும்பும் உறவுகளும் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். இரு பகுதியினருக்கும் பயன்படலாம் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் தாயார்தான் எங்கள் அம்மாவைக் கடைசிக் காலத்தில் பராமரித்தவர். அம்மா 2006இல் கொடிகாமத்தில் காலமானபோது எங்கள் மூவரில் ஒருவராலும் போக முடியவில்லை. வாய்க்கரிசி போட்டவர் அந்தத் தாய்தான். மகள் வன்னியில் திருமணம் செய்து இருந்தார். 2009இல் முள்ளிவாய்க்காலில் கணவரைத் தவறவிட்டு, மூன்று பிள்ளைகளுடன் முகாமுக்குப் போய், அங்கிருந்து 2010இல் தாயின் ஊருக்கு வந்து சேர்ந்தார். தாயும் அப்போது இல்லை.

வந்து இரண்டு வருடத்துக்குள் மூன்று வளவுகள் மாறிவிட்டார்கள். முதல் காணிக்காரர் லண்டனில் இருந்தார், இரண்டாமவர் கொழும்பில். இருவரும் கெட்டவர்கள் அல்லர். "பத்து வருசம் இருந்தால் காணி இருக்கிறவனுக்குப் போயிடும்" என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஆட்களை நெடுநாள் ஓரிடத்தில் இருக்கவிடப் பயம். சட்டத்தில் பத்து வருட ஆட்சி என்றொரு விடயம் இருப்பது உண்மைதான். ஆனால் உரிமையாளரின் அனுமதியோடு குடியிருப்பவருக்கு, அந்த அனுமதியின் பேரில் இருக்கும்வரை அது உரித்தைக் கொடுக்காது. யுத்தத்தால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களைப் பாதுகாக்க 2016இல் தனியான சட்டமும் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கெடுக்கக் கூடாது என்று அது கூறியது. எழுத்தில் ஓர் அனுமதிக் கடிதம் கொடுத்திருந்தாலே இரு பகுதியும் நிம்மதியாக இருந்திருக்கலாம். தெரியாத சட்டத்துக்குப் பயந்து ஏழைகளைத்தான் எழுப்புகிறோம்.

அந்த நாட்களில் இந்திய வீட்டுத்திட்டம் வடக்கில் பரவலாக நடந்துகொண்டிருந்தது. தெரிவு செய்யப்பட்ட குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டங் கட்டமாகக் கிடைக்கும், வீட்டைக் குடும்பமே கட்ட வேண்டும். கணவரை இழந்த பெண், மூன்று பிள்ளைகள், மண் கொட்டில். தகுதி எல்லாம் இருந்தது. ஆனால் கட்டுவதற்குத் தன் காணி என்று காட்ட உறுதியும் இல்லை, அரசாங்கக் காணிக்குரிய அனுமதிப்பத்திரமும் இல்லை. கிராம அலுவலர் நல்ல மனிதர். "தங்கச்சி, ரெண்டு பரப்புக்கு ஒரு உறுதி கொண்டுவாங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறன்" என்று சொல்லியனுப்பினார். வீடே இல்லாத குடும்பங்களில் காணியும் இல்லாதவர்கள் பட்டியலின் அடியில் கிடந்ததை நான் அப்போதுதான் அறிந்தேன்.

எங்கள் அம்மாவின் சீதனக் காணி எட்டுப் பரப்பு, அதே கிராமத்தில் பற்றைபிடித்துக் கிடந்தது. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தலை முறிந்த தென்னைகள், கூரையில்லாத பழைய வீடு, ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. பெரியண்ணா ரொறன்ரோவில், தங்கச்சி பாரிஸில், நான் நோர்வேயில். மூவருக்கும் பொதுவான பிரிபடாத காணி. அதில் இரண்டு பரப்பைக் கொடுப்போம் என்று நான் கேட்டேன்.

பெரியண்ணா முதலில் மறுத்தார். "இருக்க விடு, உறுதி எதுக்கு?" என்பது அவருடைய வாதம். தங்கச்சியின் மாமி பக்கத்திலிருந்து வேறொரு கேள்வி வந்தது: "அவை ஆர் ஆக்கள்?" எங்களுடைய ஊரில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். ஒரே முகாமில், ஒரே வரிசையில் சோற்றுக்கு நின்ற சனம் நாங்கள் என்று மேடைகளில் பேசுகிறோம். காணி என்று வந்தவுடன் பழைய வேலியைத் தேடுகிறோம். "அம்மாவுக்கு மலசலம் அள்ளின கைக்கு நாங்கள் என்ன சாதி பார்த்தனாங்கள்?" என்று நான் கேட்டேன். அதன்பிறகு பெரியண்ணா அந்தப் பக்கம் பேசவில்லை. ஆனால் சம்மதம் சொல்ல மேலும் நான்கு மாதம் எடுத்தார்.

அடுத்தது சட்டம். தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட திருமணமான பெண், தன்னுடைய சொந்தக் காணியைக்கூடக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நோர்வேயில் முதியோர் இல்லத்தில் வேலை செய்து, வரி கட்டி, வீட்டுக் கடனிலும் நானே கையெழுத்துப் போட்டவள் நான். என் தாய் தந்த காணியில் ஒரு துண்டைக் கொடுக்க என் கணவர் அருகிலிருந்து ஒப்பமிட வேண்டியிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே ஒப்பமிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கச்சிக்குச் சிரிக்கவும் வழியில்லை. கணவர் அவளை விட்டுப் போய் ஆறு வருடம். விவாகரத்து எடுக்கவில்லை. அவரிடம் போய்ச் சம்மதம் கேட்க அவள் விரும்பவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை என்று நொத்தாரிசு விளக்கினார். கணவர் கைவிட்டுப் போயிருந்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து அனுமதி பெறலாம். அதற்குப் பதினொரு மாதம் சென்றது. அந்தப் பதினொரு மாதமும் வீட்டுத்திட்டப் பட்டியல் மூடப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் கழிந்தது. அந்தப் பெண் வாரத்தில் ஒருமுறை கிராம அலுவலரிடம் போய்த் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்.

நாங்கள் மூவரும் ஊருக்குப் போகாமலே ஒப்பமிட அற்றோணித் தத்துவம் தேவைப்பட்டது. அந்தந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகங்களில் உறுதிப்படுத்தி, ஊரிலிருக்கும் பெரியம்மாவின் மகனுக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர், அனுப்பினோம். இதில் ஒரு கவனம் வேண்டும். "காணி அலுவல்கள் எல்லாம் பார்க்க" என்று பொதுவாக எழுதிக் கொடுக்காதீர்கள். இந்தக் காணி, இந்தத் துண்டு, இன்னாருக்கு நன்கொடை என்று குறித்து எழுதுங்கள். பொதுத் தத்துவம் கொடுத்துக் காணியைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

என் சிநேகிதி ஒருத்தி, "உன்ரை பேரிலையே ஒரு துண்டை வாங்கி அவையை இருக்கவிடேன்" என்று யோசனை சொன்னாள். 2014இல் வந்த சட்டத்தின்படி, இரட்டைக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பிரசை இலங்கையில் காணி வாங்குவது தடை, சில விதிவிலக்குகள் தவிர. முதிசமாக வருவது வேறு. சட்டம் இடம் கொடுத்திருந்தாலும் நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன். என் பெயரில் காணி இருந்தால் நானும் இன்னொரு காணிக்காரிதான்.

உறுதி எழுதும்போது அந்தப் பெண் இரண்டு கேள்விகள் கேட்டார். நொத்தாரிசே நிமிர்ந்து பார்த்தாராம்.

"கிணத்திலை பங்கு எழுதுவீங்களோ?" என்பது முதலாவது. நாங்கள் கொடுத்த துண்டு பின்பக்கம். கிணறும் ஒழுங்கையும் முன்பக்கம், எங்கள் ஆறு பரப்புக்குள். இன்று நாங்கள் தண்ணீர் அள்ள விடுவோம். நாளை தங்கச்சியின் பங்கு இன்னொருவருக்குப் போனால்? வேலி அடைத்தால் காணி இருந்தும் நடக்க வழியில்லை, குடிக்கத் தண்ணீரில்லை. தாயுடன் மற்றவர்களின் கிணற்றடியில் குடத்தோடு காத்து நின்று வளர்ந்தவர் அவர். நில அளவையாளர் பத்தடி அகலத்தில் பாதையை வரைபடத்தில் தனியாகக் காட்டினார். கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் உறுதியில் ஏறின.

"நீங்கள் பிறகு திருப்பிக் கேட்டால்?" என்பது இரண்டாவது. நியாயமான கேள்வி. நன்கொடை உறுதியில் "மீளப்பெற முடியாதது" என்ற வாசகம் இருக்க வேண்டும். இருந்தால், கொடுத்தவர் நினைத்தபடி இரத்துச் செய்ய முடியாது, அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். பெறுபவரும் ஏற்றுக்கொள்வதாக உறுதியிலேயே ஒப்பமிட வேண்டும். சிலர் மூத்த மகனின் பெயரில் எழுதச் சொன்னார்கள். மகனுக்கு அப்போது பதினான்கு வயது. தாய் தன் பெயரில்தான் என்று நின்றார். "அவன் நல்ல பிள்ளைதான். வாற மருமகள் எப்பிடியோ ஆருக்குத் தெரியும்?" என்றார். எனக்கு அந்தப் பேச்சுப் பிடித்துக்கொண்டது. உறுதி முடிந்த பின் காணிப் பதிவகத்தில் பதிந்து, தோம்பில் அவருடைய பெயர் ஏறியதைப் பார்த்த பிறகே நொத்தாரிசுக்கு மிச்சக் காசைக் கொடுத்தோம்.

உறுதி கைக்கு வந்தது 2014 மாசியில். அந்த வருடமே பெயர் வீட்டுத்திட்டத்தில் சேர்ந்தது. வீடு கட்டிய கதை உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். பணம் அத்திவாரத்தோடும் சுவரோடும் ஓடிவிடும். மணலும் மேசன் கூலியும் மாதா மாதம் ஏறும். தோட்டை அடகு வைத்துக் கூரை போட்டார். அந்தத் தோட்டை மீட்கத்தான் நாங்கள் மூவரும் காசு அனுப்பினோம். 2015 ஆவணியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீட்டில் பால் காய்ச்சினார்கள்.

ஒரு விடயம் இன்னமும் முடியவில்லை. மகள் ஒருத்திக்கு இப்போது கலியாணம் பேசுகிறார்கள். ஒரு பரப்பைச் சீதனமாக எழுத வேண்டும். அவரும் சட்டப்படி கணவருள்ள பெண். மரணப் பதிவு எடுக்க 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருந்தும் அவர் எடுக்கவில்லை. "சாகேல்லை எண்டு நினைக்கிறவள் எப்பிடி அக்கா அதிலை கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டார். 2016இல் வந்த திருத்தத்தின்படி, ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழைப் பெறலாம், இறந்ததாகச் சொல்லத் தேவையில்லை. அதை எடுத்திருக்கிறார். தங்கச்சி போன அதே வழியில், கணவர் இருக்குமிடம் தெரியாது என்று மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க இப்போது ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருக்கிறோம். மரண சாசனம் எழுதுவதானால் கணவரின் சம்மதம் தேவையில்லை என்று நொத்தாரிசு சொன்னதால், அதையும் ஒரு பாதுகாப்புக்காக எழுதி வைத்திருக்கிறார்.

எங்கள் மிச்ச ஆறு பரப்பின் ஒரு மூலையில் 2022இல் இருந்து இன்னொரு குடும்பம் இருக்கிறது, தாயும் இரண்டு சிறு பெண்பிள்ளைகளும். அவர்களுக்கு அனுமதிக் கடிதம் கொடுத்திருக்கிறோம், உறுதி இன்னும் இல்லை. போன மாதம் மூவரும் தொலைபேசியில் கதைத்தோம். தங்கச்சி உடனே சரி என்றாள். பெரியண்ணா இம்முறை ஆக்கள் யார் என்று கேட்கவுமில்லை, மறுக்கவுமில்லை. இரண்டாவது குடும்பமும் வந்தால் அந்த ஒரு கிணறு கோடையில் தாங்குமா என்றுதான் கேட்டார். சித்திரை மாதத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.