இன்ஜின் வேலையா? ஆயில் கூலரை மறக்காதீர்கள்

வயலாய்வுக்குப் போனால் பயிரைப் பற்றி மட்டுமல்ல, டிராக்டரைப் பற்றியும் கேட்பார்கள். போன பருவத்தில், நடவுக்கு நாள் நெருங்கிய நேரம், நகையை அடகு வைத்து இன்ஜின் வேலை பார்த்த டிராக்டரை ஒரு விவசாயி காட்டினார். ரேடியேட்டர் தண்ணீரில் ஆயில் மிதந்தது. "ஹெட் கேஸ்கட் போயிடுச்சா சார்?" என்றார். மெக்கானிக் பிரித்துப் பார்த்ததில் ஹெட்டில் குறையில்லை. ஆயில் கூலரில் பழைய ஓ-ரிங்கையே மறுபடி போட்டிருந்தார்கள்.

கூலருக்குள் தகட்டின் ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் தண்ணீர். இன்ஜின் ஓடும்போது ஆயிலுக்கு அழுத்தம் அதிகம். கசிந்தால் அது தண்ணீரில் கலக்கும். நிறுத்திய பிறகு தண்ணீர் ஆயிலில் இறங்கலாம். ஆயில் பால் காபி நிறமானால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்; பேரிங்கும் கிராங்கும் கெட்டுவிடும்.

மாட்டுவதற்கு முன் கூலருக்குக் காற்றழுத்தம் கொடுத்து, தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேஸ்கட், ஓ-ரிங் புதிதாக இருக்கட்டும். அவை உட்காரும் இடம் கீறலின்றிச் சுத்தமாக இருக்க வேண்டும். பேஸ்டை அள்ளிப் பூசினால், உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கும். போல்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல், மாற்றி மாற்றி, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும்.

கழற்றிய பழைய ஓ-ரிங்கைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.