ஒவ்வாமையுள்ளவரோடு ஓர் உம்ராப் பயணம்



உம்ராவுக்குப் புறப்படும் வீட்டில் ஒரு மாதத்துக்கு முன்பே பெட்டி அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இஹ்ராம் துணி, துஆ புத்தகம், இரண்டு சோடி செருப்பு, நாக்குச் செத்துப்போனால் தொட்டுக்கொள்ள ஒரு போத்தல் மாசிச் சம்பல் என்று எல்லாம் அதில் ஏறும். ஆனால் எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியாத ஒன்று உண்டு. அது உங்கள் குசினி.

உணவு ஒவ்வாமை, அதாவது அலர்ஜி உள்ள ஒரு பிள்ளையோ பெரியவரோ இருக்கும் வீட்டில் இந்தக் குசினிதான் காவல். எந்த மாமி வீட்டு வட்டிலப்பத்தில் கஜு கிடக்கும், எந்தச் சாச்சி வீட்டுச் சம்பலில் மாசி இருக்கும் என்பதெல்லாம் உம்மாவுக்கு மனப்பாடம். பயணத்தில் அந்தக் காவல் கைநழுவிவிடுகிறது. அகப்பை இன்னொருவர் கைக்குப் போகிறது. அந்தக் கைக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது, உங்கள் மொழியும் தெரியாது. ஆகவே அந்தக் காவலை நீங்கள் வேறு வழிகளில் கூடவே கொண்டுபோக வேண்டும். குழுக்களோடு பயணம் செய்து நான் கண்டதையும், வைத்தியர்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே தருகிறேன்.

மதீனாவின் விரிப்பு

மதீனா நோன்பு திறக்கும் நேரத்தில் பார்க்க வேண்டிய ஊர். றமழானில் மட்டுமல்ல, திங்கள், வியாழன் நோன்பாளிகளுக்காகவும் மஸ்ஜிதுந் நபவியில் அஸருக்குப் பின் நீண்ட விரிப்புகள் விரிக்கப்படுகின்றன. மதீனாவாசிகளின் பிள்ளைகள் வாசலில் நின்று வருபவர்களின் கையைப் பிடித்துத் தங்கள் வீட்டு விரிப்புக்கு அழைக்கிறார்கள். யார், எந்த நாடு என்று ஒருவரும் கேட்பதில்லை. பேரீச்சம்பழம், தயிர்க் கோப்பை, தயிரில் தூவ ‘துக்கா’ என்னும் ஒரு பொடி, கஹ்வா, ஸம்ஸம் எல்லாம் உங்கள் முன்னால் வரிசையாக வந்துவிடும். ‘ஷுரைக்’ எனப்படும் வளைய ரொட்டியும் வரும்.

மஃரிபுக்குச் சில நிமிடங்கள் இருக்க, அந்த அமைதியில் உட்கார்ந்திருப்பது வாழ்நாளில் மறக்க முடியாத பேறு. ஆனால் எள்ளு ஆகாத பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் தாய் அந்த விரிப்பை வேறு கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. ஷுரைக்கின் மேலே எள்ளு ஒட்டியிருக்கும். துக்கா பல வகை. சிலவற்றில் எள்ளும் சேர்ந்திருக்கும். ரொட்டியைப் பிய்த்த அதே கை பேரீச்சம்பழத்தையும் எடுத்து நீட்டும்.

கண்ணுக்குத் தெரியாத எள்ளு

நம் நாட்டில் எள்ளு தன்னை மறைத்துக்கொள்வது குறைவு. எள்ளுருண்டையைப் பார்த்தவுடன் தெரியும். நல்லெண்ணெய்க்கு அதன் மணமே சாட்சி. அரபு உணவில் அப்படியல்ல. அங்கே எள்ளை அரைத்து ‘தஹீனா’ என்னும் வெண்ணிற விழுதாக்கிவிடுகிறார்கள். அது எதிலும் கரைந்து போகும். கொண்டைக்கடலை அரைத்த ஹும்முஸ், சுட்ட கத்தரிக்காய் முதப்பல், ஃபலாஃபிலுக்கு ஊற்றும் வெள்ளைச் சாறு, ஹலாவா இனிப்பு எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான். பஸ்பூஸா என்னும் ரவைக் கேக் அடிப்பிடிக்காமலிருக்கத் தட்டில் தஹீனா பூசுவோரும் உண்டு. ரொட்டியில் தடவும் ஸஃதர் கலவையிலும் எள்ளு சேர்கிறது.

எள்ளொவ்வாமை வீண் பயமல்ல. அமெரிக்காவில் 2021ல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, 2023 ஜனவரி 1 முதல் பொதி செய்த உணவின் லேபலில் எள்ளைக் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். ஆனால் ஹோட்டல் மேசையில் திறந்த தட்டில் வைத்திருக்கும் உணவுக்கு லேபல் இருக்காது.

எள்ளு ஆகாதவர் வெள்ளைச் சாறு எதையும் தொடாதிருப்பதே பாதுகாப்பு. அங்கே வெறும் சோறு, தோலுரித்துச் சாப்பிடும் பழம், ஓட்டோடு அவித்த முட்டை, கடையில் உறையோடு வாங்கிய தயிர் என்று எளிமையானவற்றுக்குக் குறைவில்லை. முட்டையும் பாலும் ஒத்துக்கொள்பவருக்கு இவை போதும்.

தெரியாத உணவும் தெரிந்த உறவும்

எங்கள் குழுவில் ஒரு முறை வந்த சகோதரிக்குக் கஜு ஆகாது. வட்டிலப்பத்தைத் தொடாமலே வளர்ந்தவர். பிஸ்தாவை அவர் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. மக்காவில் யாரோ அன்போடு பங்கிட்ட பக்லாவாவில் ஒரு துண்டு சாப்பிட்டார். பத்து நிமிடம் ஆகவில்லை, உதடு தடித்து, குரல் கரகரத்து, “எனக்கு என்னவோ செய்யுது மகள்” என்றார். கூடவந்த மகள் பதறவில்லை. ஊரில் டொக்டர் பழக்கிக்கொடுத்தபடி தாயைக் கிடத்தித் தொடையில் அட்ரினலின் ஊசியைப் போட்டார். அம்புலன்ஸ் வந்தது. அன்றிரவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்து மறுநாள் அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், அதற்கடுத்த நாள் அந்தத் தாய் தவாபை நிறைவேற்றினார்.

அவருக்கு நேர்ந்தது தற்செயலல்ல. கஜுவும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பம். ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் ஆகாமற்போவது மிகவும் சாதாரணம். இறால் ஆகாதவருக்குப் பெரும்பாலும் நண்டும் சிங்கி இறாலும் ஆகாது. பசுப்பால் ஆகாத பிள்ளைக்கு ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்று சொல்வார்கள். இரண்டின் புரதங்களும் நெருங்கியவை, கொடுக்கக் கூடாது. ஆகவே புறப்படுமுன் வைத்தியரிடம், “இந்தப் பொருளின் உறவு எது எது? போகும் நாட்டில் அவை எந்த வடிவில் வரும்?” என்று கேளுங்கள். எது ஆகாது என்பதே நிச்சயமில்லாவிட்டால் பயணத்துக்கு முன்பே பரிசோதித்துக்கொள்வது நல்லது. கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒவ்வாமைக்கான இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். சோறும் தேங்காய்ப்பாலும் உண்டு பழகிய வயிறு, ரொட்டிக்கும் பாலாடைக்கும் மோருக்கும் திடீரென மாறும்போது உப்புசமும் வயிற்றோட்டமும் வரலாம். அது பெரும்பாலும் ஒவ்வாமையல்ல. உணவைச் சிறிது சிறிதாக மாற்றினால் சரியாகிவிடும். உடம்பில் தடிப்பு, முகவீக்கம், தொடர் வாந்தி, இழுப்பு, மயக்கம் என்பனவே ஒவ்வாமையின் அடையாளங்கள். ‘ஜீ சிக்ஸ் பீடி’ குறைபாடு இருப்பதாக வைத்தியர் சொன்ன பிள்ளைகள் விடயம் வேறு. அதுவும் ஒவ்வாமையல்ல, ஆனால் அங்கே காலையுணவாக வரும் ‘ஃபூல்’ என்னும் அவரையினப் பயறு அவர்களின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும். அவர்கள் அதைத் தொடவே கூடாது.

கேட்பதற்குச் சில சொற்கள்

அரபுக் கல்லூரிகளில் நாம் ஓதிய பழைய கிதாபுகளில் ‘ஹஸாஸிய்யா’ என்ற சொல் இந்தப் பொருளில் வராது. இன்றைய அரபியில் அலர்ஜிக்கு அதுதான் சொல். “இந்தீ ஹஸாஸிய்யா மினஸ் ஸிம்ஸிம்” என்றால் எனக்கு எள்ளு ஒவ்வாது என்று பொருள். பிள்ளைக்கானால் “வலதீ இந்தஹூ ஹஸாஸிய்யா” என்று தொடங்குங்கள்; மகளானால் “பின்தீ இந்தஹா ஹஸாஸிய்யா” என்று தொடங்குங்கள். கச்சானுக்கு ‘ஃபூல் ஸூதானீ’, பிஸ்தாவுக்கு ‘ஃபுஸ்துக்’, பாதாமுக்கு ‘லவ்ஸ்’, கொட்டை வகைகள் அனைத்துக்கும் ‘முகஸ்ஸராத்’, மீனுக்கு ‘ஸமக்’, இறாலுக்கு ‘ரூப்யான்’, பாலுக்கு ‘ஹலீப்’, கோதுமைக்கு ‘கம்ஹ்’ என்பன. பொதியில் ‘யஹ்தவீ அலா’ என்றிருந்தால் அதற்குப் பின் வருவது உணவில் அடங்கியிருக்கிறது. ‘கத் யஹ்தவீ அலா’ என்றிருந்தால் கலந்திருக்கக்கூடும். இரண்டையும் ஒன்றாகவே எண்ணி விலக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் சமைப்பவரும் பரிமாறுபவரும் எப்போதும் அரபிகளல்லர். பாகிஸ்தானியரும் பங்களாதேசியரும் நிறைய இருக்கிறார்கள். உருதிலும் வங்காளத்திலும் எள்ளுக்கு ‘தில்’ என்பார்கள், இந்தோனேசியருக்கு ‘விஜன்’. இவற்றை ஓர் அட்டையில் அரபு, உருது, வங்க எழுத்துகளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் மத்ரஸாவில் அரபையாவது எழுதித் தருவார்கள். கேட்டவுடன் “மாஃபீ, மாஃபீ” என்று தலையாட்டிவிட்டால் அதை நம்பி உண்ண வேண்டாம். அட்டையைக் காட்டி, சமையற்காரரிடம் விசாரித்துச் சொல்லும்படி கேளுங்கள்.

மறுப்பது மரியாதைக் குறைவல்ல

சகோதரிகளே, இந்தப் பயணத்தில் உணவைவிடப் பெரிய சோதனை நமது வெட்கம்தான். ஹரமில் ஒருவர் அன்போடு நீட்டியதை எப்படி வேண்டாமென்பது? பறக்கத்தான உணவு எப்படிக் கெடுதி செய்யும்? ஐந்தாறு பேர் ஒரே சஹனில் கை வைத்துண்ணும்போது, ஒரு பிள்ளையைத் தனித்தட்டில் இருத்துவது பெருமையாகத் தோன்றாதா? இந்த எண்ணங்களே பலரை வாய் திறக்கவிடாமற் செய்கின்றன.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன்னிலையில் ஒரு முறை உடும்பு இறைச்சி வைக்கப்பட்டது. அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராம் என்று சொல்லவில்லை; தமது ஊரில் பழக்கமில்லாதது என்பதையே காரணமாகச் சொன்னார்கள். காலித் பின் வலீத் (ரழி) அவர்கள் அதே இடத்தில் அதை உண்டார்கள். உணவைக் குறை கூறாமல், மற்றவரைத் தடுக்காமல், காரணத்தைச் சொல்லி விலகிக்கொள்ளும் ஒழுங்கு இதில் இருக்கிறது. பழக்கமில்லாத உணவுக்கே இப்படியென்றால், மூச்சை நிறுத்தக்கூடிய உணவை மறுக்க வெட்கம் எதற்கு?

மதீனாவில் பெண்கள் பகுதியில் நடந்ததை ஒரு தாய் என் மனைவியிடம் சொன்னார். வயதான மதீனத்துப் பெண்மணி ஒருவர் அவருடைய ஒன்பது வயது மகளுக்கு ஷுரைக் துண்டை நீட்டியிருக்கிறார். தாய் இடைமறித்ததும் அந்த அம்மையாரின் முகம் வாடிவிட்டது. “ஹஸாஸிய்யா” என்ற ஒரு சொல்லைச் சொன்னார் தாய். உடனே அந்த அம்மையார் ரொட்டியைத் தூர வைத்து, தண்ணீர் ஊற்றித் தன் கையைக் கழுவி, இன்னும் பிரிக்காத பேரீச்சம்பழப் பொதியொன்றைத் தேடி எடுத்துப் பிள்ளையின் மடியில் வைத்தாராம். காரணம் தெரியும்போது விருந்தோம்பலும் வழியைக் கண்டுகொள்கிறது.

சஹனில் உண்ணும்போது, ஒவ்வாமையுள்ளவருக்குரியதை மற்றவர்கள் கை வைக்குமுன் புதுக் கரண்டியால் தனித்தட்டில் எடுத்துவிடுங்கள்.

கைப்பையில் இருக்க வேண்டியவை

வைத்தியர் அட்ரினலின் எழுதித் தந்திருந்தால் அது எப்போதும் கைப்பையில் இருக்க வேண்டும். விமானத்தின் அடித்தட்டுக்குப் போகும் பெட்டியில் வைக்க வேண்டாம். பேனா வடிவ ஊசி நம் நாட்டில் எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்காது. மருந்துச் சிமிழும் ஊசிக்குழலும் தரப்பட்டால் அளவையும் போடும் முறையையும் வைத்தியர் முன்னிலையில் பழகிக்கொண்டே புறப்படுங்கள். மருந்து பழைய உறையிலேயே இருக்கட்டும். ஆங்கிலத்தில் வைத்தியரின் கடிதமும் கூடவே வேண்டும். 40 பாகைக்கு மேல் கொதிக்கும் மக்கா வெயிலில் வாகனத்துக்குள் விட்டுச் செல்லாதீர்கள், ஐஸிலும் புதைக்காதீர்கள்.

பிரிட்டன் குளிசை அரிப்புக்கும் தடிப்புக்கும் உதவும். மூச்சுத் திணறலையோ மயக்கத்தையோ அது தடுக்காது. குரல் மாறினாலோ மூச்சு முட்டினாலோ தலை சுற்றினாலோ, குளிசை கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். தொடையின் வெளிப்பக்கத்தில் நடுவில் அட்ரினலினைப் போடுங்கள். காலைச் சற்று உயர்த்திக் கிடத்துங்கள். மூச்சுத் திணறினால் இருத்தலாம். நடக்க வைக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் குணம் தெரியாவிட்டால் இரண்டாவது ஊசி தேவைப்படும், ஆகவே இரண்டாவது கொண்டுபோங்கள். ஸவூதி செம்பிறைச் சங்க அம்புலன்ஸின் இலக்கம் 997. சுகமானது போலிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவே வேண்டும். சில மணி நேரம் கழித்து அது மீண்டும் வரலாம்.

இஹ்ராமில் இருக்கிறோமே என்று தயங்க வேண்டாம். ஊசி போடுவதால் இஹ்ராமுக்குக் குற்றமில்லை. மருந்தை இடுப்புப் பையில் கட்டிக்கொள்ளலாம். நோன்பாயிருந்தாலும் உயிராபத்தில் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யும் சலுகையை மார்க்கமே தந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. தவாபின் நெரிசலில் தாயும் பிள்ளையும் பிரிவது சாதாரணம். ஆகவே இந்த விபரங்கள் உங்களோடு மட்டும் இருந்தால் போதாது. அறையில் தங்கும் இரு சகோதரிகளுக்கும் குழுத் தலைவருக்கும் ஊசி எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்பதைக் கட்டுநாயக்காவிலேயே காட்டிவிடுங்கள். பிள்ளையின் கழுத்திலோ கையிலோ அரபில் எழுதிய அட்டை தொங்கட்டும்.

அல்லாஹ் உங்கள் பயணத்தை இலேசாக்கி, உங்கள் உம்ராவை ஏற்றுக்கொண்டு, போனவர் அனைவரையும் சுகமாக வீடு சேர்ப்பானாக.