ஓ.எஸ். மாற்றியது: ரூ.1,200

‘ஓ.எஸ். மாற்றியது: ரூ.1,200’. அந்த வழக்கில் முதல் சான்றாவணமாக நான் தாக்கல் செய்த பில்லில் இருந்தது இந்த ஒரு வரிதான். அடியில் பொடி எழுத்தில், ‘தகவல் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பாகாது’ என்று அச்சடித்திருந்தார்கள். வழக்கு முழுவதும் இந்த இரண்டு வரிகளைச் சுற்றியே நடந்தது.

முறையீட்டாளர் எங்கள் நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்த ஓர் அம்மா. தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர். தட்டச்சுப் பொறியில் தொடங்கி, பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தவர். நாங்கள் கையால் எழுதிக் கொடுக்கும் பிராதையும் அபிடவிட்டையும் எழுத்துப் பிழை திருத்தி அடித்துக் கொடுப்பார். காலையில் பத்தரை மணிக்கு கோர்ட் உட்காரும் முன் அவர் கடை வாசலில் ஜூனியர் வக்கீல்கள் வரிசையில் நிற்பார்கள். கிரயப் பத்திரம், விடுதலைப் பத்திரம், ஜாமீன் மனு, வாரிசு மனு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி வைத்திருந்தார். பெயரையும் சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் மாற்றினால் போதும், பத்திரம் தயார். பல வருஷ உழைப்பில் சேர்ந்த மாதிரிகள் அவை.

2014 ஏப்ரல் 8ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்குக் கொடுத்துவந்த பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அது 2001இல் வந்த இயங்குதளம். ஊரில் பாதிக் கடைகள் அதை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தன. மாற்றத்தான் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் கட்சிக்காரர்களின் ஆவணங்களை வைத்திருப்பது ஆபத்து. அந்த அம்மாவும் மறுக்கவில்லை. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனவரிடம், “எக்ஸ்பி முடிஞ்சு போச்சு மேடம், செவன் போட்டுர்றோம்” என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் சிபியு வீட்டுக்கு வந்துவிட்டது.

என்னிடம் அவர் வந்தபோது முதலில் சொன்னது பணத்தைப் பற்றியோ கோப்புகளைப் பற்றியோ அல்ல. “எனக்கு டைப் அடிக்கத் தெரியலன்னு சொல்றாங்க சார்” என்றார். கண் கலங்கியிருந்தது.

நடந்தது இதுதான். அவர் பயன்படுத்தியது விண்டோஸ் 95 காலத்தில் எழுதப்பட்ட ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருள். அதில் அடிக்கும் கோப்புகள் சி டிரைவில், அந்த மென்பொருளின் சொந்தக் கோப்புறையிலேயே சேமிக்கப்படும். கடைக்காரர்கள் மை டாக்குமெண்ட்ஸையும் டெஸ்க்டாப்பையும் காப்பி எடுத்துக்கொண்டு, சி டிரைவை ஃபார்மேட் செய்துவிட்டார்கள். மாதிரிகள் எல்லாம் அதோடு போயின. டி டிரைவில் வேர்டில் அடித்து வைத்திருந்தவை மட்டும் மிஞ்சின. அவற்றைத் திறந்தால் ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை.

இதை விளக்கியாக வேண்டும். யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்தைத்தான். அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருப்பார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால், கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு கணினியில் இருக்கும்வரை திரையில் தமிழ் தெரியும். அது இல்லாவிட்டால் வெறும் ஆங்கிலக் குவியல். பழைய கணினியின் எழுத்துருக்களை யாரும் எடுத்து வைக்கவில்லை. போனில் கேட்டதற்கு, “செவன்லயே தமிழ் இருக்கு மேடம், அதுல அடிங்க” என்று பதில் வந்தது.

அதில்தான் அவரால் அடிக்க முடியவில்லை. தட்டச்சு வகுப்பில் ய, ள, ன, க என்று முதல் நாள் தொடங்கியவர்களின் விரல், விசைகளைப் பார்க்காமலே போகும். விண்டோஸில் இயல்பாக வரும் தமிழ் விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட். அதன் வரிசையே வேறு. மனசு ஒன்றைச் சொல்ல, விரல் தன் வழியில் போக, திரையில் மூன்றாவது ஒன்று விழும். வேர்டின் பழைய மெனுக்களும் போய், மேலே பட்டையாக ரிப்பன் வந்திருந்தது. பச்சைத் தாளுக்கு அவர் அமைத்து வைத்திருந்த ஓரம், வரி இடைவெளி எதுவும் இல்லை. இருபது ரூபாய் முத்திரைத் தாளில் அச்சடித்தபோது முதல் வரி முத்திரையின் மேலேயே ஏறிவிட்டது. கெட்டுப்போன முத்திரைத் தாள்களை ஒரு கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். அதையும் சான்றாவணமாகக் குறியீடு செய்தோம்.

சர்வீஸ் கடைக்கு நாங்கள் அனுப்பிய வக்கீல் நோட்டீஸுக்கு வந்த பதிலில் மூன்று வாதங்கள் இருந்தன. முறையீட்டாளர் வியாபாரி, எனவே நுகர்வோர் இல்லை. பில்லிலேயே பொறுப்பு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. எக்ஸ்பியை நிறுத்தியது நாங்கள் இல்லை.

வழக்கு நுகர்வோர் மன்றத்துக்குப் போனது. முதல் வாதம் சாதாரணமானதல்ல. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கி வைத்தது. 2002இல் கொண்டுவந்த திருத்தம் 2003 மார்ச்சில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பொருளுக்கு மட்டுமின்றி சேவைக்கும் அந்த விலக்கு உண்டு. ஆனால் கூடவே ஒரு விளக்கமும் இருந்தது: சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே பெற்றிருந்தால் அது வணிக நோக்கம் ஆகாது. 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கை எடுத்துக்கொண்டு போனேன். கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் ஓர் இயந்திரம் வாங்கிய நிறுவனம் தொடுத்த வழக்கு. வாங்கிய நிறுவனம் அதில் தோற்றது. ஆனால் சிறு தொழில் செய்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பெரிய கதவைத் திறந்து வைத்தது. தட்டச்சுப் பொறி வாங்கி, தானே உட்கார்ந்து பிறருக்குக் கூலிக்கு அடித்துக் கொடுத்துப் பிழைப்பவரும் நுகர்வோர்தான் என்ற பொருள் அதில் தெளிவாக வருகிறது. ஆட்டோ ஓட்டுபவரையும் லேத் வைத்திருப்பவரையும் சேர்த்துச் சொல்கிறது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்றும் சொல்கிறது. மாலை நேரத்தில் அந்த அம்மாவின் தங்கை மகள் கடையில் உட்கார்வதை வைத்து எதிர்தரப்பு வழக்கறிஞர் வாதாடினார். தீர்ப்பின் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டியதும் அந்த வாதம் முடிந்துபோனது.

இரண்டாவது வாதத்துக்குச் சட்டத்தைவிட நியாயம் போதும் என்று நினைத்தேன். வேலை முடிந்து, பணம் வாங்கிக்கொண்ட பிறகு கையில் கொடுத்த பில் அது. அதில் அந்த அம்மாவின் கையெழுத்து இல்லை. வேலை தொடங்கும் முன் ‘எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா’ என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. தன் கவனக்குறைவுக்குத் தானே முன்கூட்டி மன்னிப்பு அச்சடித்துக்கொள்ள எந்தக் கடைக்கும் உரிமை இல்லை.

திரையில் தெரிந்ததை அச்சடித்து, சாட்சியச் சட்டம் 65பி பிரிவின்படி சான்றிதழோடு தாக்கல் செய்தேன். 2014 செப்டம்பரில் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று சொல்லியிருந்த சமயம் அது. நுகர்வோர் மன்றத்தில் சாட்சியச் சட்டம் அவ்வளவு கறாராகப் பொருந்தாது என்றாலும், ஓட்டை வைக்க நான் விரும்பவில்லை. இருந்தும் காகிதத்தில் பார்த்தால் விஷயம் புரியவில்லை. கணினியையே கொண்டுவர அனுமதி கேட்டு மனு போட்டோம்.

மன்றத் தலைவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. வாழ்நாள் முழுக்க இந்த மாதிரிக் கடைகளில் அடித்த மனுக்களைப் படித்தவர். மேசை மேல் மானிட்டரை வைத்து இணைத்ததும், “தமிழ்நாடுன்னு அடிங்கம்மா” என்றார். அந்த அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, விசைப்பலகையைப் பார்க்காமல், தலைவரைப் பார்த்தபடியே அடித்தார். ‘தம’ என்று விரல் போன இடத்தில் திரையில் ‘ரக’ என்று விழுந்தது. மேலே தொடரவில்லை, கையை எடுத்துவிட்டார். பெண் உறுப்பினர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். பிறகு டி டிரைவிலிருந்த ஒரு விடுதலைப் பத்திரத்தைத் திறக்கச் சொன்னார்கள். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். தலைவர் நீண்ட நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கைத் தீர்த்தது இன்னொரு விஷயம். விண்டோஸ் 7 இரண்டு வகையாக வந்தது: 32 பிட், 64 பிட். பழைய 16 பிட் மென்பொருள்கள் 32 பிட் வகையில் ஓடும். 64 பிட் வகையில் ஓடவே ஓடாது. அதற்கான வழியே அதில் இல்லை. அந்த அம்மாவின் மென்பொருள் 16 பிட். அவர்கள் போட்டது 64 பிட். இத்தனைக்கும் அந்தக் கணினியில் இருந்த நினைவகம் 2 ஜிபிதான். 64 பிட் வகைக்கு அதுவே குறைந்தபட்சத் தேவை. 32 பிட் வகைக்கு 1 ஜிபி போதும். அதைப் போட்டு, மென்பொருளின் கோப்புறையை எடுத்து வைத்திருந்தால், அந்த அம்மா மறுநாள் காலையே கடை திறந்திருக்க வாய்ப்பு இருந்தது. கடையின் தொழில்நுட்பர் தாக்கல் செய்த நிரூபண வாக்குமூலத்துக்கு எழுத்து மூலம் வினாக்கள் கொடுத்தோம். கடையில் 32 பிட் டிஸ்க் இருந்ததா? இருந்தது. என்ன மென்பொருள் வைத்து வேலை செய்கிறார் என்று முறையீட்டாளரைக் கேட்டீர்களா? வழக்கமாகக் கேட்பதில்லை.

இந்த இரண்டு பதில்கள் வந்த பிறகு நான் அதிகம் பேசவில்லை. ஒன்றை மட்டும் சொன்னேன். அதே காலத்தில் இ-கோர்ட்ஸ் திட்டத்தில் நீதித்துறையும் உபுண்டு லினக்ஸுக்கு மாறியிருந்தது. 14,000க்கும் மேற்பட்ட நீதித்துறை அதிகாரிகளுக்கு வகுப்பு எடுத்து அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். சட்டம் படித்து நீதிபதியானவர்களுக்கே புதிய இயங்குதளத்துக்குப் பயிற்சி தேவை என்று அரசு ஒப்புக்கொண்டது. எதிரே கடை வைத்திருக்கும் இந்தப் பெண்ணிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவர் தொழில் கருவியை மாற்றிவிட்டு, அடிக்கத் தெரியவில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? இன்றுவரை இதுதான் என் கருத்து. இயங்குதளம் மாற்றும்போது எல்லாருக்கும் எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலை அனுபவிப்பவரின் அறியாமை என்று ஒதுக்குவது பெரிய அநீதி. மாற்றியவருக்கு என்ன கடமை என்று கேட்கத்தான் வேண்டும்.

உத்தரவு எங்கள் பக்கம் வந்தது, ஆனால் முழுதாக அல்ல. சேவைக் குறைபாடு நிரூபணமானது என்றும், பில்லின் அடியில் இருந்த வாசகம் முறையீட்டாளரைக் கட்டுப்படுத்தாது என்றும் மன்றம் சொன்னது. சர்வீஸ் கட்டணம் ரூ.1,200 திரும்ப, மன உளைச்சலுக்கும் சிரமத்துக்கும் ரூ.25,000, செலவுத் தொகை ரூ.3,000. வருமான இழப்பாகக் கேட்டதைக் கணக்குப் புத்தகம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். அன்றன்று வாங்கி அன்றன்று செலவழிக்கும் கடையில் கணக்குப் புத்தகம் எப்படி இருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. எதிர்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை, பணத்தைக் கட்டிவிட்டார்கள்.

அழிந்த மாதிரிகள் திரும்பவில்லை. மிஞ்சிய கோப்புகளை எங்கள் ஜூனியர் ஒருவர் இலவச எழுத்துரு மாற்றி கொண்டு யுனிகோடாக்கிக் கொடுத்தார். தமிழக அரசே 2010இல் யுனிகோடுக்கு மாறியிருந்ததால், இனி எந்த அலுவலகத்துக்கு அனுப்பினாலும் எழுத்து உடையாது. என்.எச்.எம். ரைட்டர் என்ற இலவசத் தட்டச்சு மென்பொருளில் பழைய தட்டச்சு விசைப்பலகையும் உண்டு. அதை நிறுவியதும் அந்த அம்மாவின் விரல் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. சர்வீஸ் கடைக்காரர்களும் இதைச் செய்திருக்கலாம், காசுகூட ஆகாது.

எங்கள் உத்தரவுக்குப் பிறகு, 2016இல், கலிபோர்னியாவின் சாசலிட்டோ நகரிலிருந்து ஒரு செய்தி படித்தேன். பயண முகவரான ஒரு பெண், தன் சம்மதம் இல்லாமலே அலுவலகக் கணினியில் விண்டோஸ் 10 ஏறிக்கொண்டு வேலையைக் கெடுத்தது என்று சிறுவழக்கு மன்றத்துக்குப் போய் 10,000 டாலர் பெற்றார். மைக்ரோசாஃப்ட் மேல்முறையீட்டைக் கைவிட்டது. அதை அச்சடித்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். கடைச் சுவரில் ஒட்டி வைத்தார்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கும் ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் 32 பிட் வகையே கிடையாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினியை அது முறைப்படி ஏற்பதும் இல்லை. ஆகவே உங்கள் கடையிலோ வீட்டிலோ இந்த மாற்றம் வரப்போகிறது, அல்லது வந்துவிட்டது. சிபியுவைக் கொடுக்கும் முன், எந்தெந்த மென்பொருள், எழுத்துரு, கோப்புறை வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் மீறித் தவறு நடந்தால், 2019ஆம் ஆண்டின் புதிய சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையீடு செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் வர வேண்டும். பில்லை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.