பதினோரு குழி

கையில் வாங்கியதும் அம்மா குழிகளைத்தான் எண்ணினாள். நாலு, மூணு, நாலு. "பதினொண்ணு. மொய் எழுதுன மாதிரி ஒண்ணு கூட வச்சிருக்கான்" என்றாள். அமெரிக்கா வந்த இரண்டு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

க்ளீவ்லாந்திலிருந்து ஏரியை ஒட்டியே கிழக்கே 100 மைல் போனால் ஈரி நகரம். வார்ப்பிரும்புச் சட்டி சேகரிக்கிறவர்களுக்கு அது பழனி மாதிரி. கிரிஸ்வோல்ட் பட்டறை 1865-ல் அங்கே ஆரம்பித்து 1957 வரை நடந்தது. இன்னொரு பெரிய பெயரான வாக்னர் 1891-ல் எங்கள் ஒஹையோவிலேயே சிட்னி என்ற ஊரில் தொடங்கியது. அதனால் இந்தப் பக்கத்துப் பழம்பொருள் கடைகளில் எந்த மூலையைக் கிளறினாலும் ஒரு இரும்புச் சட்டி அகப்படும். ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை, அம்மாவை வெளியே கூட்டிப்போக வேண்டுமே என்று கிளம்பி, வழியில் ஒரு சின்ன ஊரில் நிறுத்தினோம். 18 டாலர். பின்பக்கம் 10 என்ற எண் மட்டும் இருந்தது. வார்த்த பட்டறையின் பெயர் இல்லை. துரு செம்மண் மாதிரி கையில் ஒட்டியது.

"பணியாரக்கல்லுடி இது."

"இல்லம்மா, மஃபின் சட்டி. ஓவன்ல வைக்கிறது."

"அடி தட்டையா இருக்கு, அவ்வளவுதான? குழி குழிதான."

அவள் சொன்னதில் தப்பில்லை. பாஸ்டன்காரர் நதானியேல் வாட்டர்மேன் 1859-ல் இப்படிப்பட்ட குழிச் சட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். இதில் முதலில் சுட்டவற்றில் ஒன்றுக்கு 'ஜெம்' என்று பெயர். தவிடு நீக்காத கோதுமை மாவும் தண்ணீரும், அவ்வளவுதான். சோடா கிடையாது, ஈஸ்ட் கிடையாது. சட்டியைப் புகையும் அளவுக்குக் காய்ச்சி மாவை ஊற்றினால் நீராவியே அதைத் தூக்கிவிடும். சாப்பிட அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. ஆனால் காரியத்தைச் செய்தது மாவில் போட்ட பொடி அல்ல, இரும்பு என்பதை அந்த ஜெம்மைப் பார்த்தால்தான் புரியும்.

இரும்பு சூட்டை நன்றாகக் கடத்தும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை நேர்மாறு. அலுமினியம் கடத்துவதைவிட வார்ப்பிரும்பு மிகக் குறைவாகத்தான் கடத்தும். மெதுவாகத்தான் காயும். அதன் பலம் கனம்தான். காய்ந்த பிறகு குளிர்ந்த மாவை ஊற்றினாலும் சட்டென்று சூடு இறங்காது. மெல்லிய அலுமினியத் தட்டில் மாவும் தட்டும் ஒன்றாகச் சூடேறும். இரும்பில் மாவு விழுந்த நொடியே அடியில் பொருக்குக் கட்டிவிடும். பணியாரத்தின் பொன் நிறத் தோலும் சோள மஃபினின் மொறுமொறு விளிம்பும் ஒரே வேலைதான்.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு திருமங்கலத்து வீட்டில் தனியாக இருந்தவளை ஆறு மாத விசாவில் அழைத்து வந்தேன். வந்த நாளிலிருந்து என் வாயில் வந்ததெல்லாம் "அதைத் தொடாதம்மா", "அந்த பட்டன் இல்லம்மா", "தாளிக்கும்போது அந்த ஃபேனைப் போடு, இல்லன்னா அலாரம் அடிக்கும்" என்பதுதான். ஐம்பது வருஷம் அடுப்பை ஆண்டவள் என் சமையலறையில் விருந்தாளி மாதிரி சுவரோரம் நின்றாள். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் "அதைத் தொடாதம்மா" என்பதை நிறுத்தவில்லை.

இந்தச் சட்டி விஷயத்தில் மட்டும் நான் விருந்தாளி. துருவை எடுக்க இங்கே வினிகரில் ஊற வைப்பார்கள், பேட்டரி சார்ஜரை மாட்டி மின்சாரம் பாய்ச்சுகிறவர்களும் உண்டு. நான் இதையெல்லாம் சொல்லச் சொல்ல அம்மா காதில் வாங்காமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பின்வாசலில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கம்பி நாரால், வெறுங்கையோடு, இரண்டு நாள் தேய்த்தாள். மூன்று நாள் வடிகஞ்சியில் ஊறியது. கழுவித் துடைத்து நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் ஒவ்வொரு குழியாகத் தேய்த்தாள். என் பங்குக்கு நான் செய்தது ஒன்றுதான்: எண்ணெயைத் துடைத்தது தெரியாத அளவு மெல்லிசாக்கி, ஓவனில் 450 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்தேன். அந்தச் சூட்டில் எண்ணெய் எண்ணெயாக இருக்காது, வார்னிஷ் மாதிரி இறுகிப் படலமாகிவிடும். நாலு தடவை செய்ததும் சட்டி கறுத்துப் பளபளத்தது. ஆங்கிலத்தில் இதற்கு சீசனிங் என்று பெயர். ஊரில் கல்லைப் பழக்குறது என்போம். மாட்டைப் பழக்குவது மாதிரி, புது மருமகளைப் பழக்குவது மாதிரி. (இரண்டாவது உவமை அம்மாவுடையது. எனக்கு உடன்பாடில்லை.)

முதல் ஈடு ஒரு சனிக்கிழமை காலை. சோள மாவு, கொஞ்சம் மைதா, மோர், முட்டை, வெண்ணெய், பேக்கிங் பவுடர். சட்டியை ஓவனிலேயே காயவிட்டு, 425 டிகிரியில் வெளியே இழுத்து, குழிக்கு ஒரு துளி வெண்ணெய் விட்டு மாவை ஊற்றினால் 'ச்சொய்' என்று சத்தம். அம்மா அந்தச் சத்தத்துக்குத் தலையாட்டினாள். கால் மணி நேரத்தில் வெந்தது. கவிழ்த்தால் பதினொன்றும் ஒட்டாமல் விழுந்தன. என் மூன்று வயது மகள் இரண்டைத் தின்றுவிட்டு, "அம்மாச்சி, இன்னும்" என்றாள். அடுத்த சனிக்கிழமையும் சுட்டோம். அம்மா என்னைக் கேட்காமல் பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் கிள்ளிப் போட்டிருந்தாள். அதுதான் நன்றாக இருந்தது.

அந்த இரண்டாவது ஈட்டைத்தான் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கொடுக்கப் போனாள். தட்டில் வைத்துக் கொடுக்கலாம் என்றால் கேட்கவில்லை. சட்டியோடு, கரித்துணியால் பிடித்துக்கொண்டு, வேலி வரைக்கும் நடந்தாள். மொழிபெயர்க்க நானும் பின்னாலேயே போனேன். அவர் ஒரு மஃபினை எடுத்துக் கடித்தார். சட்டியைப் பார்த்தார். சந்தோஷமாகிவிட்டார்.

"எங்க அப்பாகிட்ட இதே சட்டி இருந்தது" என்றார். "பழைய ஈயக் குழாயை எல்லாம் உருக்கி இதுலதான் ஊத்துவார். ஆறினதும் தட்டினா கட்டி கட்டியா விழும். அதுல இருந்துதான் தூண்டிலுக்கு எடை செய்வோம். இந்தப் பக்கம் பாதிப் பேர் வீட்டுல அப்படித்தான்."

ஈரி ஏரியில் வாலாய் மீன் பிடிக்கிற ஊர் இது. அவர் கதையாகத்தான் சொன்னார். எங்கள் சட்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"என்னடி சொல்றாரு?"

"நல்லா இருக்காம்மா."

அம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்தேன். நாங்கள் இருப்பது 1978-க்கு முன்னால் கட்டிய வீடு. வீடுகளுக்கு ஈயப் பெயிண்ட் விற்பதை அமெரிக்கா தடை செய்த வருஷம் அது. குடிவந்தபோது ஜன்னல் சட்டங்களைச் சோதிக்க வாங்கிய குச்சிகளில் இரண்டு மிச்சம் இருந்தன. ஈயம் இருந்தால் நுனி சிவக்கும். நடுக் குழியில் ஒன்றைத் தேய்த்தேன். மஞ்சளாகவே இருந்தது. அப்பாடா என்று விளக்கை அணைக்கப் போய், திரும்பி வந்து பார்த்தேன். குங்குமத்தை நீரில் கரைத்த மாதிரி ஓரத்தில் ஒரு கீற்று.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், விறகடுப்பே போதும். அதனால்தான் அடுப்படியில் இருக்கிற குழிச் சட்டியே அச்சாகிவிட்டது. தேய்த்தால் போய்விடுமா, மேலே படிந்த எண்ணெய்ப் படலம் மூடிவிடுமா என்று விடியும்வரை படித்தேன். போய்விடும் என்று அடித்துச் சொல்ல ஒருவரும் இல்லை. எல்லோரும் சொன்ன ஒரே பதில், அதில் சமைக்காதே என்பது.

திங்கட்கிழமை மகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. 3.5 மைக்ரோகிராம், ஒரு டெசிலிட்டருக்கு, என்பது டாக்டர்கள் கவலைப்பட ஆரம்பிக்கிற கோடு. இரண்டு நாள் காத்திருந்தோம். இரண்டுக்கும் கீழே என்று வந்தது. அந்த இரண்டு நாளில் அம்மாவிடம் நான் பேசியது நாலைந்து வார்த்தை இருக்கும். கோபம் அவள்மேல் இல்லை. சட்டியை வாங்கியது நான், சோதிக்காமல் விட்டது நான். ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்?

முடிவு வந்த அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது: "அன்னைக்கு வேலிகிட்டயே உனக்குத் தெரியுமா?"

"சந்தேகமாத்தான் இருந்துச்சு."

"என்கிட்ட நல்லா இருக்குன்ன."

பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாம ஈயச் சொம்புல ரசம் வச்சுத்தான வளந்தோம்" என்றாள். அது வெள்ளீயம்மா, டின், இது காரீயம், லெட், இரண்டும் வேற என்று விளக்கினேன். தமிழில் ஒரே சொல்லுக்குள் மருந்தும் விஷமும் மாதிரி இரண்டு உலோகம் இருக்கிறது. இப்போது விற்கிற சொம்புகளில் வெள்ளீயத்தோடு காரீயம் கலந்தவையும் உண்டு என்பதையும் சொன்னேன். அதை அப்போது சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஏனென்றால் அவள் எனக்காகத் தூக்கி வந்த ஈயச் சொம்பு அடுப்பு மேடையிலேயே இருந்தது. இரண்டு மாதமாக அதில்தான் ரசம்.

இருவருமே அதைப் பார்த்தோம். இழுப்பறையில் ஒரு குச்சி மிச்சம் இருப்பது அவளுக்கும் தெரியும்.

"வேணாம்" என்றாள். "ஊருக்குக் கொண்டுபோறேன். பாத்திரக்கடையில கேட்டுக்கிறேன்."

கம்பி நாரால் இரண்டு நாள் தேய்த்தவள் அவள்தான். உனக்கும் ரத்தம் பார்க்கலாம் என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். இன்ஷூரன்ஸில் வராது, எனக்கு என்ன வளர வேண்டிய மூளையா இருக்கு என்று தள்ளிவிட்டாள். ஜூலையில் விமானம் ஏறினாள். சொம்பை இரண்டு புடவைக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் வைத்ததைப் பார்த்தேன்.

சட்டியைப் பெரியவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் கராஜ் திறந்திருக்கும்போது ஆணியில் தொங்குவது என் ஜன்னலிலிருந்து தெரியும். அம்மா பழக்கிய கறுப்பு இன்னும் மங்கவில்லை.

இப்போது என்னிடம் இருப்பது டென்னஸியில் வார்த்த புதுச் சட்டி, லாட்ஜ் கம்பெனியுடையது. 2002-லிருந்து அவர்கள் பட்டறையிலேயே எண்ணெய் ஏற்றி விற்கிறார்கள். பழசு மாதிரி வழவழப்பு இல்லை, உள்ளே மணல் தாள் போலச் சொரசொரப்பு. முதல் ஈட்டில் பாதி ஒட்டிக்கொண்டது. வீடியோவில் காட்டினேன். அம்மா சட்டியைத் திருப்பிக் காட்டச் சொல்லி, குழிகளை எண்ணி, "ஆறுதானா" என்றாள். பிறகு, "இன்னும் பழகல. வெங்காயம் தேய்ச்சியா?" என்றாள்.

தேய்க்கவில்லை. சொம்பு என்னாச்சு என்று கேட்டேன்.

"பரண்ல கிடக்கு."

"கடையில கேட்டியா?"

"கேக்கணும்" என்றாள்.